பாஸ்டரம்மாவுக்கு முதல் இடம்

காலை ஏழு பத்து. வரிசையில் இருபத்து நான்கு பெண்கள். இருபத்தைந்தாவதாக வந்த எஸ்டெல் ஹாஸ்கின்ஸ், யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் முதல் ஆளாக நின்றார்.

சபைப் பாஸ்டரின் மனைவி. ஊதாத் தொப்பி, ஊதா கோட்டு, கழுத்து வரை பட்டன்.

கடைசியில் நின்ற வெர்னெல் மட்டும், "இது என்ன நியாயம்?" என்றாள்.

கெளுத்தி மீன் ஆலையில் இரவு ஷிப்டு முடித்து, கையில் மீன் வாடையோடு நேரே வந்திருந்தாள் அவள். புற்றுநோய் இருக்கிறதா என்று மார்பைத் தகடுகளுக்கு நடுவில் அழுத்திப் படம் எடுக்கும் பரிசோதனை வண்டி, மிசிசிப்பியின் அந்தக் கறுப்பர் ஊருக்கு வருஷத்துக்கு ஒரு முறை, அக்டோபரில், சர்ச் வாசலுக்கு வரும். இருபத்து நாலு பேருக்கு மேல் பார்க்க நேரமிருக்காது.

வெர்னெலால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க முடியாது. ஜூலையில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

முன்னால் நின்ற மாவிஸ் திரும்பினாள். "நீ சபைக்குப் புதுசு. இங்க மீன் விருந்துன்னாலும் பாஸ்டரம்மா தட்டெடுக்காம ஒருத்தியும் கை நீட்ட மாட்டா."

"இது மீன் இல்லியே அக்கா."

"பரலோகத்துலயும் அவங்கதான் முதல்ல. என்ன, அந்தத் தொப்பி நுழையற அளவுக்குக் கதவு இருக்கணும்."

ஒன்றரை மணி நேரத் தொலைவில், வெள்ளைக்காரர்கள் இருக்கும் ஊரில், இதே மெஷின் ஆஸ்பத்திரியிலேயே நிற்கிறது என்றாள் மாவிஸ். என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். கார் இருந்தால், இன்சூரன்ஸ் அட்டை இருந்தால்.

"நமக்குத்தான் சக்கரம் வச்சு அனுப்பறாங்க, ஐஸ்கிரீம் மாதிரி."

எஸ்டெல் வண்டிக்குள் ஏறினார். வெள்ளைக் கையுறை போட்ட சபை உதவியாளர் எஸ்டெலையும் சேர்த்து வரிசையை எண்ணிக்கொண்டே வந்து வெர்னெலிடம் நின்றார். வருத்தமாக இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

வெர்னெல் வரிசையை விட்டு விலகி, நேரே போய் வண்டிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே எஸ்டெல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. கோட்டில் ஒரு பட்டன்கூடக் கழற்றியிருக்கவில்லை. மெஷின் ஓடவில்லை. படம் எடுக்கும் பெண் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தகட்டுக்கு நடுவுல நசுங்கறதுக்கு நாங்க. காப்பி குடிக்கறதுக்கு நீங்க," என்றாள் வெர்னெல். "அதுவும் என் இடத்தைப் பிடுங்கிக்கிட்டு."

"கதவைச் சாத்தும்மா."

சாத்தினாள்.

"உன் இடம் எங்கயும் போகல. நான் கணக்குல இல்ல. நீதான் இருபத்து நாலு."

"அப்ப எதுக்கு முந்திக்கிட்டு வந்தீங்க?"

எஸ்டெல் காப்பியைக் கீழே வைத்தார். வண்டி முதன்முதலாக வந்த வருஷம், எல்லாரும் பார்த்த பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகக் கடைசியில் போய் நின்றாராம். அவருக்கு முன்னால் ஏற யாருக்கும் மனசு வரவில்லை. பயம் வேறு. டாக்டர்கள் கறுப்பர்களை வைத்து என்னென்ன சோதித்துப் பார்த்தார்கள் என்பது அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. பாஸ்டரம்மாவே பின்வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மத்தியானம் வரை காத்திருந்துவிட்டு வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

"மறு வருஷம் வந்தப்ப மூணு பேருக்கு முத்திப் போயிருந்துது," என்றார் எஸ்டெல். "நானும் அதுல ஒருத்தி. மெம்ஃபிஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போய், ரெண்டையும் எடுத்துட்டு வந்தேன். படம் எடுக்க எங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல."

வெர்னெல் அந்தக் கழுத்து வரை போட்ட பட்டன்களைப் பார்த்தாள்.

"வெளிய சொல்லிடாத. வெட்டிடுவாங்கன்னு பயந்து ஒருத்தி நிக்க மாட்டா. போய் வரிசையில நில்லு. நான் காப்பியை முடிச்சிட்டு வரேன். சீக்கிரம் வந்தா நம்ப மாட்டாங்க."

பத்து நிமிடம் கழித்து எஸ்டெல் இறங்கினார். எப்படி இருந்தது என்று யாரோ கேட்டார்கள்.

"சில்லுன்னு இருந்துது. அவ்வளவுதான். அடுத்த ஆள் ஏறு."

வரிசை நகர்ந்தது.

நவம்பரில் வெர்னெலின் கட்டியை எடுத்தார்கள். சின்னதாக இருக்கும்போதே பார்த்தாகிவிட்டது என்றார் டாக்டர். ஏப்ரலில் எஸ்டெலை அடக்கம் செய்தார்கள். பாஸ்டர் ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டார்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, வண்டி வந்தது. கதவு திறந்து அரை மணி நேரமாகியும் யாரும் ஏறவில்லை. புதுப் பாஸ்டரின் மனைவி, எல்லாரும் போகட்டும் என்று பணிவாகக் கடைசியில் நின்றிருந்தார். வெர்னெல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதலில் ஏற்றினாள்.

வெர்னெலுக்குக் கொஞ்சம்கூட மரியாதை தெரியவில்லை என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.