நீட்டிய கை

ஆழிவேலன் விழுந்த எதிரியை வெட்டமாட்டான். வாளை உறையில் போட்டுவிட்டுக் குனிந்து கை நீட்டுவான். எழுபது வருஷமாக ஜனங்கள் படிக்கும் அந்த மாயக்கதையின் ஏழு பாகத்திலும் அவன் கையை ஒருத்தன்கூடப் பிடித்ததில்லை. ஆனாலும் நீட்டுவான்.

அதனால் அந்தக் கதையை வைத்து ஜெசிந்தா உருவாக்கிய வீடியோ கேமிலும் எதிரி விழுந்துவிட்டால் வெட்டும் பட்டன் வேலை செய்யாது. விளையாடிச் சோதிக்கும் கோதண்டம் அதைக் கோளாறு என்று நான்கு தடவை பதிந்தான். 'புத்தகத்தில் இப்படித்தான்' என்று எழுதி நான்கையும் அவள் மூடினாள்.

"விளையாடுறவங்க கடுப்பாகி ஜாய்ஸ்டிக்கால டிவிய அடிப்பாங்கக்கா."

"அடிக்கட்டும். ஆழிவேலன் அடிக்கமாட்டான்."

விஷயம் முதலாளி வரை போயிற்று. எல்லாரையும் கூட்டிவைத்து, ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அவரே விளையாட உட்கார்ந்தார். பத்தாவது நிமிஷம் கடல் அரக்கன் விழுந்தான். முதலாளி பட்டனை அமுக்கினார், பிறகு குத்தினார். ஆழிவேலன் கை நீட்டி நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் முதலாளியின் கட்டைவிரல்தான் ஓய்ந்தது.

அப்போது அரக்கன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான்.

எல்லாரும் போட்ட கூச்சலில் அறையே அதிர்ந்தது. முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினார். "ஒரு எழுத்து மாத்தக் கூடாது. இப்படியே போகட்டும்."

"இத எப்பக்கா சேர்த்தீங்க?" என்றான் கோதண்டம்.

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். அரக்கனுக்கு அவள் விழ மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.