கிளீனர் சைடு

சீட்டில் 'வலது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'இடது' என்று எழுதினாள்.

கணவர் சென்னியப்பன் எழுதிக் கொடுத்த சாமான் சீட்டு. பட்டறையில் நிற்கும் வேனை நேற்றுத்தான் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தாள். உடைந்தது இடது பக்கம். மனுசனுக்கு இடது வலதுகூடத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கால் ஏன் உடைகிறது?

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் வெயில் ஏறியிருந்தது. மூன்று கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். நான்காவது கடைக்காரர் ஹனீபா பாய். ஆம்னி வேனுக்கு ஹெட்லைட்டும் இருக்கிறது, கதவும் இருக்கிறது என்றார்.

மருதமலை இருந்த திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

பத்து நாளாக இப்படித்தான். எதற்கெடுத்தாலும் கும்பிடு.

பின்னே? வேன் முட்டியதில் ஒரு கீறல்கூட இல்லாமல் பிழைத்து வந்தவள். வேனிலிருந்து தூக்கிவிட்ட டிராக்டர்காரரை வீடு தேடிப் போய்ப் பார்த்தாள். சோடா உடைத்துக் கொடுத்த பெட்டிக்கடைக்காரிக்குப் புடவை வாங்கிக் கொடுத்தாள். முட்டும்போது பிடித்துக்கொண்ட கைப்பிடியைக்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வண்டி ஓட்டியவருக்கு மட்டும் வசவு.

ஆப்பிளும் ஆரஞ்சுமாகப் பார்க்க வந்த சொந்தபந்தம் முன்னாலேயே கேட்டுவிட்டாள், உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா என்று. பதினெட்டு வருடம் சந்தை சந்தையாகத் துணி ஏற்றிப் போன வேன். சரிபண்ணி விற்றுவிடுவது என்று முடிவு கட்டியதும் அவள்தான். அந்தக் கையை நம்பி இனிமேல் ஏற முடியாது. நாளைக்கு ஓர் ஆள் வேனைப் பார்க்க வருகிறான்.

சென்னியப்பன் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். அதற்கு மேல் ஒரு பேச்சு பேசவில்லை.

"எந்தப் பக்கம் வேணும் அம்மணி? டிரைவர் சைடா, கிளீனர் சைடா?"

"வேன்ல ஏதுங்க பாய் கிளீனரு?"

"டிரைவருக்குப் பக்கத்துல யாரு உக்கார்றாங்களோ, அவங்கதான் கிளீனர். லாரிப் பேச்சு. எங்க வாய்ல அப்படியே ஒட்டிக்கிச்சு."

"அப்பப் பதினெட்டு வருசமா நான்தானுங்க கிளீனர்."

பாய் சிரித்தார். அவளும் சிரித்தாள். சீட்டை நீட்டினாள்.

"எடதுன்னு போட்டிருக்கு. நின்னு பாத்தா எடதா, உக்காந்து பாத்தா எடதா?"

அவள் விழித்தாள். பாய் எழுந்து, கடைக்குள் நின்றிருந்த பழைய ஆம்னிக் கூட்டின் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறி உக்காந்து, ஒடஞ்ச பக்கம் கையக் காட்டுங்க."

ஏறினாள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

கை தானாக நீண்டது.

ஸ்டீயரிங்கைத் தாண்டி, வலது பக்கம்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேனுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, தன் இடது கைப் பக்கத்தை வண்டியின் இடது என்று நினைத்திருக்கிறாள். சீட்டில் அந்த மனுசன் எழுதியதுதான் சரி.

"டிரைவர் சைடா?" பாயின் புருவம் ஏறியது. "எதிர்ல வந்த வண்டி முட்டிருச்சா?"

"இல்லீங்க. அந்தி இருட்டு. முன்னால டிராக்டரு டிரெய்லரு ஒண்ணு லைட்டே இல்லாம நின்னுட்டிருந்துது. வலப்பக்கம் ரோடு காலி. இந்த மனுசன் ரோட்டப் பாக்காம என் மூஞ்சியப் பாத்தாருங்க. பாத்துட்டு எடப்பக்கம் ஒடிச்சாரு. யாராச்சும் அப்படி ஒடிப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

பாய் அவள் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தார்.

"ஒடிக்க மாட்டாங்க அம்மணி," என்றார். "முப்பது வருசமா முட்டி நொறுங்குன வண்டியாப் பாக்குறேன். பக்கத்துல போயிட்டா டிரைவர் கை தன்னால வலப்பக்கந்தான் போகும். அவன் தப்பிச்சுருவான். கிளீனர் சைடு போய்ச் சொருகிக்கும்."

ஹெட்லைட் எடுத்து வர உள்ளே போனார்.

அவள் இறங்கவில்லை.

அவளுடைய முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு. தட்டினால் டப்பா மாதிரி சத்தம் வரும் தகடு. அதற்கும் முழங்காலுக்கும் நடுவே நாலு விரல் வைக்கலாம். அதற்கு அப்புறம் வெறும் கடைவீதி.

வலப்பக்கம் ஒடித்திருந்தால் அந்த டிரெய்லர் இங்கேதான் வந்து சொருகியிருக்கும்.

அடப்பாவி மனுசா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஊரெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு திரிந்தாளே. வீட்டில் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு படுத்திருந்த சாமியைக் கரித்துக் கொட்டிக்கொண்டு. அந்தக் கையை இப்போதே பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

போனை எடுத்தாள்.

"என்ன, லைட்டு கெடைக்கலியா?" என்றார் சென்னியப்பன்.

"கெடச்சுருச்சுங்க."

"செரி. அந்த ஆளு காத்தால ஒம்போது மணிக்கே வந்தர்றேன்னான்."

"வர வேண்டாம்னு சொல்லிருங்க."

பாய் ஹெட்லைட்டைத் துடைத்துக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

"ஏனுங்க," என்றாள்.

"ம்."

"கால் ரொம்ப வலிக்குதுங்களா?"