கறிவேப்பிலைக்கு விலை

ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் நூறு ரூபாய் தள்ளுபடி. கூப்பனுக்கு இன்றுதான் கடைசி நாள். பில்லோ தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் நின்றுவிட்டது. "ரெண்டு ரூபாய்க்கு மிட்டாய் எடுத்துக்கோங்க ஐயா," என்றாள் பில் போடும் பெண். எனக்குச் சர்க்கரை, வீட்டுக்காரிக்குப் பல்வலி. வேண்டாததை வாங்கவா முப்பத்தாறு வருஷம் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டினேன்? காய்கறியோடு எல்லோருக்கும் சும்மா தரும் கறிவேப்பிலை என் கூடையில் கிடந்தது. "இதுக்கு ரெண்டு ரூபாய் போடும்மா."

"அது இலவசம் ஐயா. கம்ப்யூட்டர்ல அதுக்கு விலையே கிடையாது."

"அப்போ புதுசா ஒரு விலை வை!"

எனக்குப் பின்னால் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. "யோவ் பெரிசு, அந்த மிட்டாயை நான் தின்னுக்கிறேன், நகருய்யா!" என்று ஒருவர் கத்தினார். நான் மேஜையைப் பிடித்த பிடியை விடவில்லை. இழுத்திருந்தால் மேஜையும் என்னோடு வந்திருக்கும். கடைசியில் முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னையும் கறிவேப்பிலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். பில் ஆயிரம் ஆனது, நூறு கழிந்தது. பையை வெற்றிக் கோப்பை மாதிரி தூக்கிக்கொண்டு நான் திரும்பினேன். அந்தப் பெண் அடுத்தவர் கூடையிலிருந்த கறிவேப்பிலையை எடுத்து, "ரெண்டு ரூபாய்ங்க," என்றாள். வரிசை மொத்தமும் மெதுவாக என் பக்கம் திரும்பியது.