ஏழாவது தீர்மானம்

"நாளைக்குக் காலையில கேஸ் இருக்குதுக்கா. இந்த வாட்டியும் ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கமாட்டேன்னு சொன்னா வேற ஆஸ்பத்திரி பாத்துக்கோன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அம்சா போனில் அழாத குறையாகச் சொன்னாள். ஆட்டோ ஓட்டும் கணவன் தாவீது கால் முறிந்து மூன்று மாதமாகப் படுத்திருந்தான். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

மறுமுனையில் குணமாலா பதறவில்லை. "நீ எப்பவும் போல வார்டு டியூட்டிக்குப் போம்மா. உன் இடத்துல நிக்க நான் ஆள் அனுப்பறேன்."

அம்சாவுக்கு மூச்சு வந்தது.

காஞ்சிபுரத்துச் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் டாக்டர்களும் நர்ஸுகளுமாகப் பதினான்கு பேர் சேர்ந்து நடத்தும் சங்கம் 'உயிர்த்துணை'. கருக்கலைப்பில் கை வைப்பதில்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட உறுதி. பைபிளைத் தொட்டு உறுதி சொன்னவர்களும் உண்டு. அகிம்சை என்ற ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்ட சமணர்களும் உண்டு. ஏனாத்தூர் பக்கம் போய் நர்சிங் மாணவிகளிடம் பேசுவார்கள். மறுத்ததற்காக வேலை போனவர்களுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுப்பார்கள்.

வேலையே போகாமல் பார்த்துக்கொள்வது செயலாளர் குணமாலாவின் சாமர்த்தியம். அவளும் சமணப் பெண்தான்; முப்பது வருடம் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். யாருக்குச் சிக்கல் வந்தாலும் வெளியிலிருந்து ஒரு நர்ஸை எப்படியோ ஏற்பாடு செய்துவிடுவாள். யார் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டாள்.

மறுநாள் காலை அம்சா மாடி வார்டிலேயே இருந்துகொண்டாள். அந்த மாதிரி நாட்களில் அவள் தியேட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மதியம் மூன்று மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு, திருப்பருத்திக்குன்றத்தில் குணமாலா வீட்டில் நடந்த மாதக் கூட்டத்துக்குப் போனாள். எல்லோருக்கும் கேசரி வைத்த குணமாலா, தன் எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

"என்னக்கா, நீங்க சாப்பிடலையா?"

"இன்னைக்கு உபவாசம்மா. கொதிச்சு ஆறின தண்ணி மட்டும்தான்."

"எங்க சர்ச்சுல லெந்து நோன்பு நாப்பது நாளோட முடிஞ்சிடுது. குணமாலாம்மாவுக்கு வருஷம் பூரா லெந்துதான்" என்றார் தலைவர் டாக்டர் ஜெபகுமார். எல்லோரும் சிரித்தார்கள். குணமாலாவும் சிரித்தாள்.

ஆறு தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. ஏழாவதை அம்சா கொண்டுவந்தாள். நமக்குப் பதிலாக வந்து நிற்கிற அந்த நர்ஸ் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். சங்கத்தில் யாரும் அவளோடு எந்த ஒட்டும் உறவும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவள் ஒருத்தி வருகிறதால்தானே ஆஸ்பத்திரிக்காரர்களும் துணிந்து செய்கிறார்கள்?

ஜெபகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மா இன்னைக்கு வரலைன்னா உன் வேலை போயிருக்குமே, அம்சா?"

அம்சாவுக்கு முகம் சிவந்தது. "போனா போவட்டும் சார். கூப்பிட்ட உடனே ஓடி வர்றாளே, அவளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா? அவ கையால ஒரு வாய் தண்ணி கூட நம்ம யாரும் வாங்கக் கூடாது."

சொல்லிவிட்டு, குணமாலா இரண்டாவது முறையாக வைத்த கேசரியை வாங்கிக்கொண்டாள்.

தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்திருந்த குணமாலா பேனா மூடியைக் கழற்றினாள். "நீ சொன்னபடியே எழுதட்டுமா, கொஞ்சம் மாத்தணுமா?"

"அப்படியே எழுதுங்கக்கா."

அவள் ஓர் எழுத்து மாற்றாமல் எழுதினாள். பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கண்டுபிடிக்கும் பொறுப்பை அம்சாவே ஏற்றுக்கொண்டாள்.

ஆறு மணிக்கு அவள் வார்டுக்குத் திரும்பியபோது, காலையில் தியேட்டருக்குப் போன பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பெயர் சிம்ரன். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். ஆசையாகச் சுமந்த பிள்ளை; ஐந்தாம் மாத ஸ்கேனில், பிறந்தாலும் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள். தலைமாட்டில் அவள் அம்மா ஜெயம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள்.

"காலையில வந்த சிஸ்டர் இருக்காங்களாம்மா?" என்று ஜெயம்மாள் கேட்டாள். "கும்பிட்டுக்கணும். எம்பொண்ணு வேணாம் வேணாம்னு அழுதுக்கினே இருந்துச்சு. முடியற வரைக்கும் அதும் கையை விடவேயில்லையாம் அவங்க. வெளியில வந்து, என் பக்கத்துல உக்காந்து, அவங்களும் அழுதாங்க."

அம்சா மாத்திரையை எடுத்தபடி, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். "அவங்க பேரு என்னன்னு சொன்னாங்களா?"

"சொல்லலை. மாஸ்க் வேற போட்டிருந்தாங்க, மொகமும் சரியாத் தெரியலை. மனசு கேக்காம ஃப்ளாஸ்க்குல இருந்த காபியை ஊத்திக் குடுத்தேன். அதையும் வேணான்ட்டாங்க."

"ஏனாம்?"

"இந்த மாதிரி நாள்ல கொதிச்சு ஆறின தண்ணி மட்டும்தான்னு சொல்லி, கைப்பையிலருந்து எவர்சில்வர் பாட்டிலை எடுத்தாங்கம்மா."

அம்சாவின் விரல்களில் கேசரியின் நெய் வாசனை இன்னும் போகவில்லை.