ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசனை

கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள்.

ஒன்றுமில்லை.

சுழற்றினாள். கண்ணை மூடி மறுபடி முகர்ந்தாள். எங்கோ தூரத்தில், தேடினால் கிடைக்கிற அளவுக்கு, ஒரு இழை மண்ணெண்ணெய்.

ரீஸ்லிங் ஒயினில் அது உண்டு. நேற்று, செஃப் பெனடிக்ட் மேசையின் மறுமுனையில் பாட்டிலைத் திறந்தபோதே அந்த வாசனை அவள் முகத்தில் அறைந்தது.

மேசையில் நான்கு கோப்பைகள். நான்கும் வெள்ளை ஒயின். ஓட்டலின் புது மெனுவில் எந்த உணவுக்கு எது என்று மதியத்துக்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

அடுத்ததை எடுத்தாள். சோவின்யோன் ப்ளாங்க். நறுக்கிய குடைமிளகாயும் அரைநெல்லியும் இருக்க வேண்டும். இருந்தன, எல்லாருக்கும் தெரிகிற அளவுக்கு மட்டும். கெவுர்ஸ்ட்ராமினரில் ரோஜாப் பன்னீர், லேசாக. ஷார்டனேயில் வெண்ணெயைத் தேட வேண்டியிருந்தது.

சளியா என்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். தாராளமாகப் போய் வந்தது.

ஒரு மாதமாக ஓட்டலில் அவள் மூக்கின் கூர்மையைப் பற்றித்தான் பேச்சு. அது தன் மூக்கு இல்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

வயிற்றில் ஒன்பது வாரக் கரு. யாரிடமும் சொல்லவில்லை. முந்தைய இரண்டு முறையும் சீக்கிரம் சொல்லிவிட்டிருந்தாள்.

மேசையைச் சுற்றி ருசி பார்க்கும் மற்றவர்கள் ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, வாளியில் துப்புவார்கள். அவள் முகர்வதோடு நிறுத்திக்கொள்வாள். துப்பினாலும் ஒரு சொட்டு உள்ளே போகுமே.

பெனடிக்ட் வஞ்சிரம் வறுவலைக் கொண்டுவந்து வைத்தார். சோம்பு, மிளகு, சூடான எண்ணெய். நேற்று இதே தட்டைக் கண்டு கழிவறைக்கு ஓடியிருந்தாள்.

இன்று பசித்தது.

கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது.

இரண்டு முறையும் இப்படித்தான். ரத்தம் பிறகுதான் வந்தது. முதலில் குமட்டல் போனது.

"என்ன மேடம், மூக்கு இன்னிக்கு லீவா?" என்றார் பெனடிக்ட்.

சிரித்தாள்.

"இதுக்கு ரீஸ்லிங் வைங்க செஃப். காரத்தைத் தணிக்கும். ஷார்டனேய நண்டுக்கு எடுத்துக்கலாம்."

நிறத்தைப் பார்த்தே சொன்னாள். பத்து வருட வேலை. எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

வாளி கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. நிறுத்தாமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டாள்.

இனி என்ன.

ரீஸ்லிங்கை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள்.

புளிப்பு. அடியில் கொஞ்சம் தேன். நாக்கின் இரு ஓரமும் கூசின.

"எப்படியிருக்கு மேடம்?"

பதில் சொல்ல வாய் திறக்க முடியவில்லை. விழுங்கவும் முடியவில்லை.

வாளி இதற்குள் மேசையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தது.

எழுந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருக்க, எல்லாரும் பார்க்க, அதை நோக்கி நடந்தாள்.

மெதுவாக. ஒரு சொட்டும் உள்ளே போய்விடாதபடி.