ஒரே ஒரு க்ளூ பாக்கி

"பங்கஜம், ஒரே ஒரு க்ளூ பாக்கி. ஜவஹராத்துக்குப் போய்க் கேட்டுண்டு வந்துடு."

பங்கஜம் அப்போதுதான் தெருக்குழாயிலிருந்து நாலாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

"நாளைக்குப் பேப்பர்லயே விடை போட்டுடுவானே!"

"விடை போடுவான். அது எப்படி வந்ததுன்னு போடுவானா?" என்றார் கல்யாணராமன், இங்கிலீஷ் பேப்பரை நாலாக மடித்து நீட்டியபடி.

ரிட்டயரானதிலிருந்து குறுக்கெழுத்துதான் அவருக்கு உலகம். மற்றவர்கள் உயிரை எடுத்தாவது கட்டத்தை நிரப்பியாக வேண்டும்.

போன வருஷம், பிள்ளை ஜவஹர் தன்னோடு வேலை பார்த்த ரத்னாவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டபோது, வேறு ஜாதி என்று குதியாய்க் குதித்தவர் இதே மனுஷர்தான். "இந்தாத்து மனுஷா யாரும் அவன் வாசப்படி மிதிக்கப்படாது!"

பேரன் பிறந்த சேதி வந்தபோதும் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பங்கஜம் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அதற்கும் அசையவில்லை.

அப்பேர்ப்பட்ட வைராக்கியம், பாழாய்ப்போன க்ளூ ஒன்று புரியவில்லை என்றதும் பறந்துவிட்டது. "உறவு கொண்டாட அனுப்பலை. க்ளூவுக்குத்தான்" என்று அவளைக் கிளப்பிவிட்டார். அன்று பிடித்த ஓட்டம், வாரத்துக்கு மூன்று நாள்.

"இன்னிக்குமா மாமி?" மாடியில் குடியிருக்கும் சீதா எட்டிப் பார்த்தாள். "இந்த வெயில்லயா? மாமாவுக்கு இரக்கமே கிடையாதா?"

"எல்லாம் என் தலையெழுத்து" என்று பங்கஜம் செருப்பை மாட்டினாள்.

மயிலாப்பூரில் ஏறி, தி. நகரில் பஸ் மாறி, கே.கே. நகர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. ஜவஹர் ஆபீஸ் போயிருந்தான். பிரசவ லீவில் இருந்த ரத்னா மோரைக் கொடுத்துவிட்டுப் பேப்பரை வாங்கினாள். பேரனை மடியில் வாங்கிக்கொண்ட பங்கஜத்துக்கு முழங்கால் இருக்கும் இடமே மறந்துபோனது.

"என்ன அத்தை, இதுவா மாமாவுக்குத் தெரியலை?" ரத்னா ஆச்சரியப்பட்டாள். "வண்டி இழுக்கிற குதிரை, கார்ட்ஹார்ஸ். அந்த எழுத்தையெல்லாம் கலைச்சு அடுக்கினா ஆர்கெஸ்ட்ரா வரும். பள்ளிக்கூடப் பசங்க சொல்லிடுவாங்களே!"

"வயசாறதோல்லியோ?" என்றாள் பங்கஜம். அவர் புத்தியும் மழுங்க ஆரம்பித்துவிட்டதோ என்று பயமாக இருந்தது.

திரும்பி வந்ததும் விசாரணை.

"யார் சொன்னா?"

"ரத்னாதான். குதிரையைக் கலைச்சா ஆர்கெஸ்ட்ராவாம்."

"மூஞ்சியைத் தூக்கிண்டு சொன்னாளா, சிரிச்சுண்டு சொன்னாளா?"

"சிரிச்சுண்டுதான். அதுவுமா உங்க கட்டத்துல எழுதணும்?"

"உம்" என்று பேப்பரை வாங்கிக்கொண்டார். பேரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்நெஞ்சக்காரர்.

ஆயுத பூஜைக்கு மறுநாள். பேப்பருக்கு லீவு. பேப்பர் இல்லை என்றால் க்ளூ இல்லை. க்ளூ இல்லை என்றால் கே.கே. நகர் இல்லை. ஒரு நாள் ஓய்வு கிடைத்ததே என்று பங்கஜம் காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையின் குழந்தையைப் பார்க்க ஒரு பாட்டிக்குக் குறுக்கெழுத்துக் கட்டம் சிபாரிசு செய்ய வேண்டியிருக்கிறதே!

உள்ளே பழைய பேப்பர் கட்டைப் பிரிக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் கல்யாணராமன் வெளியே வந்தார்.

"பங்கஜம், கிளம்பு. ஒரே ஒரு க்ளூ பாக்கி."

பேப்பரை வாங்கிப் பார்த்தாள். போன மாசத்துத் தேதி. கட்டங்கள் அத்தனையிலும் அவருடைய பென்சில் எழுத்து. ஒரு வரிசையை மட்டும் அப்போதுதான் ரப்பரால் அழித்திருந்தார். அழித்த துகள் அவர் வேஷ்டியில் உதிர்ந்து கிடந்தது.

பங்கஜம் அவரையே பார்த்தாள். அவர் சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இது கொஞ்சம் கஷ்டமான க்ளூ. சட்டுனு புரியாது. ராத்திரி அங்கேயே தங்கி, நிதானமாக் கேட்டுண்டு வா."