முதல் உருண்டை

காக்கை பறக்கவில்லை.

அவள் கையைத் தட்டினாள். துடைப்பத்தை ஓங்கினாள். கொல்லைச் சுவரில் இருந்த காக்கை ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

நல்ல மத்தியானம். மற்ற காக்கைகள் சோற்றைக் கொத்திவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போயாயிற்று. இது மட்டும் தலை தொங்கி உட்கார்ந்திருக்கிறது. நேற்றும் இப்படித்தான். போன வாரமும் இப்படித்தான்.

"இதுக்கு என்ன கேடு?" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

கொல்லை வாசற்படியில் உட்கார்ந்திருந்த இளைய மகன் நிமிர்ந்தான்.

"வெரட்டாதம்மா. அப்பா ஒறங்கட்டும். உசுரோட இருக்கும்போது எனக்குக் காவல் கெடந்தே ஒறங்கல."

அவள் கையிலிருந்து துடைப்பம் விழவில்லை. அதைச் சுவரோரம் சாத்தி வைத்தாள். சாத்தி வைக்கத்தான் அவ்வளவு நேரம் ஆயிற்று.

நான்கு வருடமாக அவள் செய்துவருவது ஒன்றுதான். இளையவனுடைய மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கிக் குழம்புச் சோற்றில் பிசைந்து, முதல் உருண்டையாக அவன் கையில் வைப்பாள். வைத்த கையோடு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பெற்ற பிள்ளைக்குத் திருட்டுத்தனமாக மருந்து கொடுப்பதை நின்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

இரண்டாவது உருண்டைக்கு அவன் கை நீளும்போதுதான் திரும்புவாள்.

மனநல மறுவாழ்வுத் திட்டத்திலிருந்து செவ்வாய்தோறும் வீடு தேடி வருபவள் சுகிர்தா. அவன் காலில் கிடந்த சங்கிலியை அவிழ்க்க வைத்தவள் அவள்தான். எலுமிச்சை மண்டியில் பழம் பிரிக்கும் வேலைக்குப் பேசிவிட்டவளும் அவள்தான். மூன்று வருடம் ஒழுங்காகப் போய் வந்தான். அவன் சட்டையைத் துவைக்கும் முன் அந்த எலுமிச்சை வாடையை முகர்ந்து பார்ப்பது அம்மாவின் வழக்கம். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

சுகிர்தா இரண்டு காரியம் சொல்லியிருந்தாள். மாத்திரையை ஒளிக்காமல், மாத்திரை என்று சொல்லியே அவனிடம் கொடுங்கள். வீட்டில் ஒரு வேலையாவது அவன் பொறுப்பில் இருக்கட்டும்.

முதலாவதற்கு அம்மாவுக்குப் பயம். துப்பிவிட்டால்? விஷம் வைக்கிறாள் என்று பழையபடி தெருவெல்லாம் கத்தினால்?

இரண்டாவது சுலபமாக இருந்தது. அவன் அப்பா போய்ச் சேர்ந்து எட்டு மாதம். சங்கிலியை அவிழ்த்த நாளிலிருந்து, மகன் எங்கேயும் ஓடிவிடாமல் நிலைவாசலுக்குக் குறுக்கே கிடந்த மனுஷன். ஆடி அமாவாசையன்று அவருக்குத் திதி கொடுத்துவிட்டு வந்ததும், தினமும் காக்கைக்குச் சோறு வைக்கும் வேலையை அவனிடம் கொடுத்தாள்.

அவளாகத்தான் கொடுத்தாள்.

காக்கைச் சோறு வைத்த இலைத்துண்டு அவன் பக்கத்திலேயே இருக்கும். முதல் உருண்டையை வாங்கியதும் அவன் எழுந்து போவது அவளுக்குக் கேட்கும். கா கா என்று கூப்பிடுவது கேட்கும். எவ்வளவு பொறுப்பு வந்துவிட்டது என்று அடுப்பைப் பார்த்தபடியே மனம் குளிர்ந்திருக்கிறாள்.

மாத்திரை அட்டைகள் ஒழுங்காகக் காலியாயின. அவன்தான் ஒழுங்கில்லாமல் போனான். சுகிர்தா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டரிடம் கேட்கிறேன் என்று போனாள்.

நேற்று மண்டியில், பெரிசு சின்னது என்று பிரித்தால் பழங்கள் தேம்பி அழுகின்றன என்று சொல்லி, மூன்று மூட்டையை ரோட்டில் கொட்டிவிட்டான். இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூத்தவன் ஆவுடை இன்று காலையில் தொழுவத்துக்குப் போனான். ஆணியில் தொங்கிய சங்கிலியை எடுத்துக் கீழே போட்டான். துருப்பிடித்த பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டான். மத்தியானம் வந்து கட்டிப் போடுகிறேன், வேறு வழியில்லை என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. எண்ணெய் விடும்போது அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இளையவனின் கணுக்காலில் பழைய கறுப்பு வளையம் இன்னும் மறையவில்லை.

மணி ஒன்றே கால்.

அவள் உள்ளே போய்ப் புளிப்பானைக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்துவந்தாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அதை அவன் கண்முன் நீட்டினாள்.

அவன் ஆச்சரியப்படவில்லை.

"மொத உருண்டைதான் எப்பவும் கசக்கும்லா," என்றான்.

தெரிந்தேதான் தின்றிருக்கிறான். இத்தனை நாளும் அவள் கொடுக்கிறாளே என்று தின்றிருக்கிறான். அப்பாவுக்குத் தூக்கம் வேண்டும் என்று தோன்றியதும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டான். இவனுக்கா பயந்தேன் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

அவன் அட்டையை வாங்கி ஒரு மாத்திரையைப் பிதுக்கினான். சுவரைப் பார்த்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"நீயுந்தான் ஒறங்கல. இன்னைக்கு உனக்கு."

அவள் சோற்றுச் சட்டியை இழுத்தாள். ஒரு உருண்டை பிடித்தாள். மாத்திரையை நசுக்காமல், வெள்ளையாகத் தெரியும்படி மேலே பதித்தாள்.

"நீ தின்னாத்தான்லே எனக்கு ஒறக்கம் வரும்."

நீட்டினாள்.

அவன் கை மடியிலேயே கிடந்தது. உதடுகள் அசைந்தன. வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாசலில் ஆவுடையின் வண்டி வந்து நின்றது. தொழுவத்துப் படல் திறந்தது. சங்கிலி தரையில் இழுபட்டு வரும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நீட்டிய கை நீட்டியபடி, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.